கல்லுக்கு அந்தப் பக்கம்

அந்தக் கல்மேல் உட்காராதீர்கள் சார். பொட்டு வைத்திருக்கிறது, தெரியவில்லையா? என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். இப்போது மருமகள் வைக்கிறாள். சர்வே கல்லுக்கு எதற்குப் பொட்டு என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். மோட்டார் கொட்டகை நிழலுக்கு வாருங்கள். அளக்கிற மிஷினையும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

கோதண்டம் வருவான். மனு போட்டவன் அவன்தானே, நேரத்துக்கு வர வேண்டாமா? ஒன்பது மணி என்றீர்கள். பத்து ஆகிறது. என் பங்காளிதான். சித்தப்பா மகன். இத்தனை வருஷம் ஒரே கிணற்றுத் தண்ணீர். இப்போது மனு.

மனுவில் என்ன எழுதியிருக்கிறான்? ஏகாம்பரம் என்பவர் எல்லைக் கல்லை ஒன்றரை அடி தள்ளி நட்டுக்கொண்டார். அப்படித்தானே? நான் கல்லைத் தொட்டவன் இல்லை சார். இந்தக் கல்லை மட்டும் இல்லை. எந்த எல்லைக் கல்லையும். அறுபது வருஷமாக. தொடப் பயம்.

சிரிக்காதீர்கள். நானும் சர்வேக்காரன்தான்.

உங்களை மாதிரி இல்லை. கலாசி. சங்கிலி இழுக்கிறவன், கல் சுமக்கிறவன், பாபுவுக்கு, அதாவது சர்வே அதிகாரிக்கு, டீ போடுகிறவன். குடியாத்தத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். எனக்கு மார்பு ஒரு அங்குலம் குறைந்தது. பக்கத்து மேஜையில் சர்வே பார்ட்டிக்குக் கலாசி வேண்டும் என்றார்கள். போனேன். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன்.

சிக்கிம். இப்போது அது மாநிலம். அப்போது தனி ராஜ்யம். ராஜா இருந்தார், ராணி இருந்தார். எல்லையில் காவல் மட்டும் நம்ம பட்டாளம். அறுபத்தி இரண்டில் சீனாவோடு சண்டை நடந்தது தெரியுமில்லையா, அதற்கு மூன்று வருஷம் கழித்து. அறுபத்தி ஐந்து, அக்டோபர். ஒரு கணவாய். பேர் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெளியில் சொல்லக் கூடாது. இன்றைக்கும் யாராவது வந்து கேட்டால்? வேண்டாம்.

பதினைந்தாயிரம் அடி. மூச்சு வாங்கும். நாலு கலாசி போனோம். இரண்டு பேருக்கு மூக்கில் ரத்தம், கீழே இறக்கிவிட்டார்கள். ஒருவன் கூடாரத்தை விட்டு எழவே இல்லை. மிச்சம் நான். பெரியவர் மஜூம்தார் பாபு. வங்காளி. நல்லவர், ஆனால் கத்துவார். கத்தினால் எனக்குச் சொல் மறந்துபோகும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

வேலை என்ன? கணவாயின் உச்சியில் பழைய எல்லைக் கல்மேடு ஒன்று இருந்தது. பனியில் சரிந்துபோய்விட்டது. அதே இடத்தில் திரும்பக் கட்ட வேண்டும். பாபு கீழே கருவியை வைத்துக்கொண்டு, பனிமூட்டம் விலகும்போது அந்தக் கல்மேட்டைப் பார்த்துக் கணக்கு எடுப்பார். முடிந்தது.

எந்த இடம் என்று எப்படித் தெரியும்? கேட்கிறீர்கள் பாருங்கள், நீங்கள் சர்வேயர். அங்கே சட்டம் ஒன்றுதான். தண்ணீர். உச்சியில் விழுகிற மழை இந்தப் பக்கம் ஓடினால் சிக்கிம். அந்தப் பக்கம் ஓடினால் திபெத். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. பாபு என் கையில் கேத்தலைக் கொடுத்தார். டீ கேத்தல்தான். உறைந்துவிடாமல் இருக்க வெந்நீர் ஊற்றிச் சாக்குச் சுற்றியிருந்தது. "மேலே போய் ஊத்து. எங்கே ரெண்டாப் பிரிஞ்சு ஓடுதோ அங்கே கட்டு." அவ்வளவுதான் சொன்னார். ஒரு நாட்டின் எல்லை. ஒரு கேத்தல்.

துணைக்கு ஒரு ஆள். சுல்திம் என்று பேர். யாக் மேய்க்கிறவன். யாக் என்றால் அந்த ஊர் மாடு. சடைசடையாக மயிர், தரை வரைக்கும் தொங்கும். ஐம்பது வயசு இருக்கும். நான் தாஜு என்று கூப்பிடுவேன், அங்கே அண்ணன் என்பதற்கு அப்படி. அவன் என்னை மதராசி என்பான். இரண்டு பேரும் அரைகுறை இந்தியில் பேசினோம். எனக்கு அவனைவிடக் கொஞ்சம் குறை.

காலையில் கிளம்பினோம். பாதி வழியில் பனிமூட்டம் இறங்கியது. நீட்டின கை தெரியாது. ஒரு பாறைக்கு அடியில் ஒண்டினோம். மேலே அந்தப் பக்கத்துச் சீனச் சிப்பாய்கள் இருக்கிறார்கள் என்று முகாமில் பேச்சு. போன மாதம் ஒருவனைச் சுட்டார்கள் என்றான் ஒருவன். சுடவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள் என்றான் இன்னொருவன். எது மோசம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பயமா மதராசி?"

"குளிர்."

"குளிருக்குப் பல்லு ஆடும். உனக்குக் கண்ணு ஆடுது."

மரக் கிண்ணத்தை எடுத்தான். வறுத்த வாற்கோதுமை மாவு. வெண்ணெய் போட்ட உப்பு டீயை ஊற்றிப் பிசைந்தான். நம்ம கேழ்வரகுக் களி மாதிரி, ஆனால் வேகவைக்கிறது இல்லை. என் பயத்தைப் போக்கவோ என்னவோ, அந்த மாவைப் பாறைமேல் அப்பமாகத் தட்டினான்.

"இதுதான் எங்க ராஜ்யம். முதல் ராஜா காலத்துல. மேற்கே அருண் ஆறு வரைக்கும். தெற்கே யானை திரியற காடு வரைக்கும். வடக்கே இந்தக் கணவாயைத் தாண்டி, சும்பி பள்ளத்தாக்கு. பெருசுதானே?"

"பெருசு."

"ராஜா பேரன் காலத்துல பங்காளிச் சண்டை. பட்டத்துக்கு வந்தது சின்னப் புள்ளை. அக்காக்காரியே பூட்டான்காரனைக் கூப்பிட்டா. புள்ளை லாசாவுக்கு ஓடிப்போச்சு." கிழக்கு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "திரும்பி வந்தப்ப இது இல்லை."

மென்றான். விழுங்கினான்.

"அப்புறம் நேபாளத்துக் கூர்க்கா. மேற்கே." பெரிய துண்டாகப் பிய்த்தான். தின்றான். "வெள்ளைக்காரன் வந்து கூர்க்காவை விரட்டினான். எடுத்ததுல கொஞ்சம் திருப்பிக் கொடுத்தான்." தின்றதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? தாடியில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கை எடுத்து அப்பத்தில் ஒட்டினான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சும்மாவா கொடுப்பான்? மலை மேலே காத்து நல்லா இருக்கு, நோயாளிங்க தங்கறதுக்கு ஒரு மலை கொடுன்னான். ராஜா டார்ஜிலிங்கைக் கொடுத்தார். அப்புறம் ரெண்டு வெள்ளைக்காரனை எங்க ஆளுங்க பிடிச்சு வெச்சாங்களாம். அதுக்குத் தண்டனை, மலைக்குக் கீழே இருக்கிற காடு பூரா." தெற்கு போயிற்று.

"சும்பி?" என்றேன். சாப்பிட எனக்கும் மிச்சம் வைப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன்.

"சும்பியில ராஜாவுக்கு வீடு இருந்துச்சு. கோடைக்குப் போய்த் தங்குவார். எங்க தாத்தா அங்கே வெண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்திருக்கார். அதுவும் போச்சு. கடைசியில கல்கத்தாவுல உக்காந்து கையெழுத்துப் போட்டாங்க, தண்ணி பிரியற இடம்தான் எல்லைன்னு. வெள்ளைக்காரன் போட்டான். சீனாக்காரன் போட்டான்."

"உங்க ராஜா?"

"அவரை யார் கூப்பிட்டாங்க?"

அப்பம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆகிவிட்டது. அதை உருட்டி, துணியில் முடிந்து, அங்கியின் உள்ளே வைத்துக்கொண்டான். எனக்குக் கொடுக்கவில்லை. "இது இருக்கு" என்றான். "இதுல மேல் ஓரத்துல என் மேய்ச்சல் காடு. உச்சிக்குக் கீழே ஒரு பள்ளம். ஊத்து ஒண்ணு உண்டு. நாப்பது மாடு குடிச்சாலும் வத்தாது."

கோதண்டம் வருகிறானா? இல்லை, அது பால்காரன்.

பனிமூட்டம் விலகவில்லை. நேரம் போனால் பாபு கத்துவார். ஏறினோம். நான் அவன் அங்கியின் முனையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு விளிம்பு வந்தது. அதற்கு அப்பால் தரை தட்டையாக, கொஞ்சம் இறங்குகிற மாதிரி. அவன் சொன்ன பள்ளம். அதைத் தாண்டி முந்நூறு தப்படி ஏறினால் உண்மையான உச்சி.

அப்போது கேட்டது. இருமல்.

மனுஷ இருமல் சார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கனமாக. பனிமூட்டத்துக்குள். எதிரே. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திரும்பவும். இப்போது இரண்டு இடத்திலிருந்து. சுடுவார்களா, பிடிப்பார்களா? அம்மா முகம் ஞாபகம் வந்தது என்று சொல்வார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. கேத்தல் கையில் ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் அவர்களுக்குக் கேட்குமே என்று மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

சுல்திம் நின்றுகொண்டே இருந்தான். "வா மதராசி, உச்சி இன்னும் மேலே."

"சத்தம் போடாதே. இருமல் கேக்கலையா?"

"அதுவா? அது என்..."

வாயைப் பொத்தினேன். இந்தக் கையால்தான். அவன் பேசப் பார்த்தான். இன்னும் அழுத்திப் பொத்தினேன். வயசில் பெரியவன், தாஜு என்று கூப்பிடுகிறவன். பயத்துக்கு மரியாதை தெரியாது.

அந்த விளிம்பிலேயே கேத்தலைச் சாய்த்தேன். தண்ணீர் ஓடியது. எல்லாம் ஒரே பக்கம். நாங்கள் ஏறி வந்த பக்கம். இரண்டாகப் பிரியவில்லை. ஒரு சொட்டுகூட அந்தப் பக்கம் போகவில்லை. சுல்திம் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"ஒரே பக்கமா ஓடுதே" என்றான், மெதுவாக.

"குளிர்ல அப்படித்தான் ஓடும்" என்றேன்.

அங்கேயே கட்டினேன். சத்தம் வராமல் ஒவ்வொரு கல்லாக. கை கிழிந்து ரத்தம். இடுப்பு உயரத்துக்கு. அவன் ஒரு கல் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசிக் கல்லை வைத்தேன். அப்போது பனிமூட்டத்துக்குள்ளிருந்து அது வந்தது. கறுப்பாக, பெரிசாக, கொம்போடு. என் முகத்துக்கு நேரே வந்து இருமியது.

யாக் சார். அந்த மாடு கத்தாது. இருமும். அவன் மாடு. பின்னாலேயே இன்னொன்று.

சுல்திம் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும்... சிரித்திருந்தால் நான் கல்லையெல்லாம் பிரித்துச் சுமந்து மேலே போயிருப்பேனோ என்னவோ. ஆனால் மணி இரண்டு. கை ரத்தம். மாடு இருமியது சரி, மாட்டுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று யார் சொன்னது? நாளைக்கு வந்து மாற்றிக் கட்டலாம் என்று நினைத்தேன். மனசார நினைத்தேன்.

திரும்பும்போது சுல்திம் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். என் கல்மேட்டின் மேலே வைத்தான். ஏதோ முணுமுணுத்தான். சாமி பேர்.

"எதுக்கு தாஜு வெக்கறே?"

"கணவாயில கல்மேட்டைத் தாண்டறவன் ஒரு கல் வெக்காம போகக் கூடாது. வழக்கம்."

"இது தப்பான இடம்தானே?"

என்னைப் பார்த்தான். "கல் வெச்சாச்சு. இனி இது சாமி இடம். நானும் பிரிக்க முடியாது, நீயும் பிரிக்க முடியாது."

எனக்கு அப்பாடா என்று இருந்தது.

கீழே இறங்கவும் மூட்டம் விலகவும் சரியாக இருந்தது. பத்து நிமிஷம். பாபு கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு எழுதினார். கீழேயிருந்து பார்த்தால் அந்த விளிம்புதான் உச்சி மாதிரித் தெரியும். அதற்குப் பின்னால் பள்ளம் இருப்பதே தெரியாது. எழுதி முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"கேத்தல்ல ஊத்தினியா?"

"ஊத்தினேன் சாப்."

"ரெண்டாப் பிரிஞ்சுதா?"

சுல்திம் அங்கேதான் நின்றான். அவனுக்கு இந்தி புரியும். பாபுவின் புருவம் ஏறியது. கத்தப் போகிறார் என்று தெரிந்தது.

"பிரிஞ்சுது சாப்."

அவ்வளவுதான் சொன்னேன். இரண்டு வார்த்தை. அவன் சொல்லியிருக்கலாம் இல்லையா? வாய் இருந்ததே. அப்போது யாரும் பொத்தவில்லையே. அவன்மேலும் தப்பு இருக்கிறது. நான் எப்போதும் இதைச் சொல்வேன்.

பாபு கூடாரத்துக்குள் போனதும் சுல்திம் என் பக்கத்தில் வந்தான். அங்கிக்குள்ளிருந்து துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தான். அந்த உருண்டை. மேல் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கிள்ளினான். என் வாய்க்கு நேரே நீட்டினான்.

"சாப்பிடு."

சாப்பிட்டேன். பசி. காலையிலிருந்து ஒன்றும் இல்லையே, பாவம் என்று கொடுத்திருப்பான். நல்ல மனுஷன்.

மறுநாள் பனி விழுந்தது. கணவாய் மூடியது. நாங்கள் இறங்கிவிட்டோம்.

அடுத்த ஜூனில் திரும்பப் போனோம். பாபு மாறிவிட்டார். நான் மாறவில்லை. மேலே ஏறினால், என் கல்மேடு என் உயரத்துக்கு மேலே நிற்கிறது. இடுப்பளவு கட்டியது சார். போகிறவன் வருகிறவன் எல்லாம் ஆளுக்கு ஒரு கல் வைத்திருக்கிறான். கோவேறு கழுதைக்காரன், மேய்க்கிறவன், நம்ம சிப்பாய்கூட. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கொடிகள். வெண்ணெய் பூசியிருந்தது. புது பாபு தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அதற்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். பள்ளத்தில் பச்சைக் கூடாரங்கள். புகை. ஊற்றுப் பக்கத்தில் ஒருவன் துப்பாக்கியோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம்ம ஆள் இல்லை.

எல்லை ஆபீசில் இருக்கிற படத்தில் இருக்கலாம். அது சரியாகவேகூட இருக்கலாம். சிப்பாய் படத்தைப் பார்க்கிறானா? கல்லைப் பார்க்கிறான்.

கழுதைக்காரனிடம் கேட்டேன், சுல்திம் எங்கே என்று.

"உனக்குத் தெரியாதா? போன மாசம் மாட்டை ஓட்டிக்கிட்டு மேலே போனான். எப்பவும் போற இடம்தானே. அவங்க வந்து, கல்லுக்கு இந்தப் பக்கம் உனக்கு என்ன வேலைன்னு கேட்டாங்களாம். கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"எப்ப விடுவாங்க?"

"மாடு மட்டும் வந்துச்சு."

அன்றைக்கு மத்தியானம் நான் கூடாரத்துக்குள் இருந்தேன். நல்ல வெயில். வெளியே இருமல். கனமாக, தொண்டையைச் செருமிக்கொண்டு. மாடு என்று தெரியும். ஆனால் எழுந்து வெளியே போய்ப் பார்க்க முடியவில்லை. சாக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன். அது போகவில்லை. கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இருமியது. மறுநாள் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து இறங்கிவிட்டேன். அப்புறம் ஏறவே இல்லை. அவன் வந்தானா, வரவில்லையா? யாரையும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே.

எழுபத்தி ஐந்தில் இங்கே டீக்கடை ரேடியோவில் சொன்னான். சிக்கிம் நம்ம நாட்டோடு சேர்ந்தாயிற்று, ராஜா இனி இல்லை. நாலு பேர் கை தட்டினார்கள். எனக்கு வாயில் அந்த மாவு ருசி வந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நான் கல்லைத் தொட மாட்டேன் என்று. தொண்ணூற்றி ஒன்றில் ஓடையில் வெள்ளம் வந்தது. இந்தக் கல் சாய்ந்து, மண்ணோடு நகர்ந்து, கோதண்டம் பக்கம் போய் நின்றது. வெள்ளம் தள்ளியது சார், நான் இல்லை. அவன் அப்போது பெங்களூரில். நிமிர்த்தி அதன் இடத்தில் நடலாம் என்று கடப்பாரையோடு போனேன். குனிந்தேன். பின்னால் யாரோ இருமினார்கள். கிணற்றடியில் எவனோ பீடி குடித்துக்கொண்டிருந்தான். கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். அதற்கு அப்புறம் என் வீட்டுக்காரி பொட்டு வைக்க ஆரம்பித்துவிட்டாள். பொட்டு வைத்த கல்லை எப்படிப் பிடுங்குவது?

தென்னையா? ஆமாம், அந்த ஒன்றரை அடியில்தான் நாலும் நிற்கிறது. சும்மா கிடந்த இடம், நட்டேன். அது வேறு விஷயம். கல்லைத் தொடவில்லை, அதைப் பாருங்கள்.

இதோ வந்துவிட்டான். "இன்னாண்ணா, சர்வேயரை மடக்கி வெச்சிகினு கதை சொல்றியா?" கேட்டீர்களா அவன் பேச்சை? வா, வா. உன் அப்பன்கூட இப்படித்தான், நேரத்துக்கு வந்தது கிடையாது.

சார். அவன் பக்கத்தில் வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். குனியுங்கள்.

காகிதத்தை எடுப்பீர்கள். இரண்டு பேரையும் நிற்க வைத்து, கல் முதலிலிருந்தே இந்த இடத்தில்தான் இருந்ததா என்று கேட்பீர்கள். அவனைக் கேளுங்கள். உங்கள் மிஷினைக் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள். இவ்வளவும் சொன்னது அதற்காகத்தான். கேட்டீர்களானால், ஆமாம் என்றுதான் என் வாயில் வரும்.